தேரும் கன்றும்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கும், ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை கடந்து பெரகலைக்கும், எல்லயிலிருந்து கீழிறங்கி வெல்லவாயவுக்கும் செல்லுகின்ற வீதிகளில் ஒருமுறையேனும் பிரயாணம் செய்தவர்கள், ஊவா மலைகளின் வனப்பை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முடக்கைத் தாண்டியதும் தேயிலைச் சரிவு முழுவதும் கண்முன் விரிகிறது. மறு முடக்கில் அது மறைந்து, நமுனுகுலையின் சிகரங்கள் முகிலுக்கு மேலே தலைகாட்டுகின்றன. இன்னும் சிறிது தூரம் சென்றால், வீதியின் ஓரத்திலேயே இராவணன் பெயர் தாங்கிய அருவி பாறையில் மோதிச் சிதறி, செல்வோர் முகத்தில் திவலைகளைத் தெளிக்கிறது. இவ்வழகை நடந்து காண்பவர் உண்டு. 1924 ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்த ரயிலில் அமர்ந்து காண்பவர் உண்டு. விசையும் நயமும் கொண்ட மோட்டார் வண்டி ஒன்றைத் தம் கையாலேயே செலுத்தி, வளைவுக்கு வளைவு அதன் போக்கை உணர்ந்து காண ஆசைப்படுகிறவரும் உண்டு. இந்த மூன்றாம் வகையினரின் ஆசை ஆத்ம லாபத்துக்குப் பகையா, அன்றி அதற்கும் இறைவன் வகுத்த உலகில் ஓர் இடம் உண்டா என்பதே நான் இங்கே ஆராய விரும்பும் விஷயம்.

இந்த வினாவை என்னிடம் எழுப்பியவர் ஒரு நண்பர். பசறைப் பகுதித் தோட்டம் ஒன்றின் லயக்காம்பிராவில் பிறந்து, கொழுந்தெடுத்த தாயின் உழைப்பில் படித்து, தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் நீராடித் திருநீறணிந்து திருமுறை ஓதாமல் தேநீரும் அருந்தாதவர். பிள்ளைகள் யாவரும் நல்ல நிலையை அடைந்தபின், சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு, 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட இரு கதவு ஹொண்டா சிவிக் வண்டி ஒன்றைப் பழைய வாகன விற்பனையாளரிடமிருந்து வாங்கினார். “மாஸ்டருக்கு இந்த வயசில இது எதுக்கு?” என்று அயலார் கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை. ஆயினும் ஒரு மாலைப் பொழுதில் என்னிடம், “ஐயா, சிறு வயதில் இந்த ரோட்டில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எனக்குள் இருந்த ஆசை இது. காலையில் தேவாரம் ஓதுகிறேன், மாலையில் இந்த வண்டியை எடுத்தால் பிள்ளையைப் போலச் சந்தோஷப்படுகிறேன். இப்படி இருக்கலாமா?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த உண்மையான கலக்கம், விரைந்து ஒரு விடை சொல்ல என்னை விடவில்லை.

நம் நாட்டுச் சமய சிந்தனையில் தேருக்குத் தனி இடம் உண்டு. கடோபநிஷதம் உடலைத் தேர் என்றும், இந்திரியங்களைக் குதிரைகள் என்றும், மனத்தைக் கடிவாளம் என்றும், புத்தியைச் சாரதி என்றும் உருவகம் செய்தது. அங்கே குதிரைகளைக் கொன்றுவிடும்படி எந்த ரிஷியும் உபதேசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குதிரை இல்லாத தேர் ஓரிடத்துக்கும் போகாது. சித்தார்த்தன் முதுமையையும் பிணியையும் மரணத்தையும் கண்ணுற்றது, உத்தியானவனத்தில் உலாவி மகிழ்வதற்காகத் தேரேறிச் சென்ற வேளையிலே என்று பௌத்த நூல்கள் கூறும். இன்பத்தை நாடிப் புறப்பட்ட அந்தப் பயணமே ஞானத்துக்கு வாயிலாயிற்று. தேரில் ஏறியதற்காக அவனை எவரும் குறை கூறவில்லை. வழியில் எதிர்ப்பட்டதை அவன் கண் திறந்து பார்த்தான்.

சைவ சித்தாந்தம் இதனினும் துணிவாகப் பேசுகிறது. ஆதியில் உயிரானது ஆணவ இருளில் அழுந்தி, தன்னையும் அறியாது பிறவற்றையும் அறியாது கிடக்கிறது. அந்தக் கேவல நிலையிலிருந்து அதனை எடுத்து, அறிவு விளங்கும்படி செய்யத் திருவுளங்கொண்ட இறைவன், தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் அதற்குக் கொடுத்தருளுகிறான். உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழ்வதற்கு உலகமும், அவ்வுலகில் நுகர்வதற்குரிய பொருள்களும் அவன் தந்தவை. மெய்கண்டார் வழிவந்த ஆசிரியர் அனைவரும் இந்தக் கொள்கையை உறுதியாகப் பற்றியவர்கள். ஆதலின் போகம் என்பது ஏதோ பிசாசு விரித்த வலை என்று எண்ணி அஞ்சுவதற்குச் சைவனுக்கு இடமில்லை. அது மலம் பரிபாகம் அடைவதற்காக அளிக்கப்பட்ட சாதனம். கண்ணுக்கு மலையையும், செவிக்கு அருவியையும், கைக்கு ஒரு நல்ல இயந்திரத்தின் இணக்கத்தையும் சுவையாகப் படைத்தவன், அவற்றைச் சுவைக்கும் உயிரைக் கண்டு வெகுள்வான் என்று கருதுவது அவன் கருணையை அறியாமையாகும்.

நக்கீரர் திருமுருகாற்றுப்படையை எப்படி முடிக்கிறார் என்பதை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். முருகன் உறையும் பழமுதிர்சோலையைப் பாடவந்த அப்பெரும் புலவர், மலையிலிருந்து இழியும் அருவி ஒன்று வழியிலுள்ளவற்றை அலைத்துக்கொண்டு வரும் காட்சியை அடிக்கு அடி விரித்து, அந்த அருவியின் முழக்கத்தோடேயே தம் பாட்டை நிறைவு செய்கிறார். வழிபாட்டு நூலில் இத்தனை இயற்கை வருணனை எதற்கு என்று தமிழர் எவரும் கேட்டதில்லை. குறிஞ்சிக் கிழவனை வணங்குவோர்க்குக் குறிஞ்சி நிலத்தின் எழிலில் மனம் தோய்வதும் வணக்கத்தின் பகுதியே. கதிர்காமமும் இதே ஊவா மாகாணத்திலே உள்ளது. 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைக் கொஸ்லந்தை வீதியில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரு முருக பக்தனின் உள்ளம் கசிந்தால், அதனை லௌகிகம் என்று எவ்வாறு ஒதுக்குவது?

இவ்வளவையும் நண்பருக்குச் சொன்னேன். ஆனால் போகம் இறைவன் கொடுத்தது என்பதோடு நிற்கின்ற சித்தாந்தம் பாதிச் சித்தாந்தமே. கொடுத்த போகத்தை உயிர் எவ்வாறு நுகர்கிறது என்ற மறுபாதிதான் கடினமானது. அதனை விளக்க அவருடைய வண்டியையே எடுத்துக்கொள்ளலாம்.

அதை வாங்குவதற்கு முன் ஹாலிஎலயிலுள்ள கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நானும் உடன் சென்றிருந்தேன். அங்கே வேலை செய்யும் இளைஞர் முதலில் பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள செசி இலக்கத்தை வண்டியில் பொறித்திருக்கும் இலக்கத்தோடு விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். பின்னர் காலில்லாப் பலகையில் மல்லாந்து வண்டியின் அடியில் நுழைந்து, தரைத் தகட்டைச் சாவியால் தட்டி, துரு தின்ற இடத்தில் ஓசை மாறுவதைக் கேட்டார். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்து, அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்று சொன்னார். இஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கி, புகைக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் முடிந்து, கையைத் துடைத்தபடி, “சேர், இதில கம்பனிச் சாமான் பாதிதான் மிச்சம். கியர்பெட்டி வேற வண்டியிலயிருந்து போட்டது, முன் கதவு ஒண்டு மாத்தினது, ஷொக் நாலும் புதுசு. ஆனா வண்டி நல்ல வண்டி” என்றார். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்ததால், இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டின் பழைய வண்டிகள் பலவும் இவ்வாறு ஒன்றின் உறுப்பை மற்றொன்று தாங்கியே உயிர்பிழைத்தன.

அந்த இளைஞரின் சொல்லைக் கேட்டபோது, மிலிந்த மன்னனிடம் பௌத்த துறவி நாகசேனர் எழுப்பிய வினா என் நினைவுக்கு வந்தது. தேரேறி வந்ததாகச் சொன்ன மன்னனைப் பார்த்து, அச்சுத்தான் தேரா, சக்கரந்தான் தேரா, நுகந்தான் தேரா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றே அவன் விடையிறுத்தான். உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் இட்ட பெயர் தேர் என்பது அங்கே தேறிய முடிவு. புதிய வண்டி வாங்குகிறவனுக்கு இந்த உண்மை கண்ணில் படுவதில்லை. அவன் பளபளக்கும் ஒரு முழுமையைத் தனக்கே உரியதாகப் பெற்றதாக எண்ணுகிறான். பழைய வண்டி வாங்குகிறவனோ, பதிவுப் புத்தகத்தில் தனக்கு முன்னிருந்தவர்களின் பெயர்களைக் காண்கிறான். தனக்குப் பின்னும் ஒரு பெயர் வரும் என்பதையும் காண்கிறான். எங்கோ ஒருவர் அமர்ந்து தேய்த்த இருக்கையில் அமர்கிறான். எனது என்னும் செருக்கு இங்கே சற்றுத் தளர்வதற்கு இயல்பாகவே வழி உண்டு. மமகாரம் தளர்ந்த நுகர்ச்சி, பந்தம் குறைந்த நுகர்ச்சி. அந்த அளவில், பழைய வண்டியை வாங்கிய நண்பர் ஒரு சிறிய நன்மையைப் பெற்றார் என்றே சொல்வேன்.

வண்டியை விட வீதியே பெரிய ஆசான். ஊவாவின் மலைவீதிகள் எவருடைய கண்ணுக்கும் விருந்தாக அமைக்கப்பட்டவை அல்ல. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சரிவுகள் வெட்டப்பட்டன. மேஜர் ஸ்கின்னர் போன்ற அதிகாரிகளின் பெயர் வீதிகளின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. கல்லுடைத்து மண் சுமந்தவர்களின் பெயர் இடம்பெறவில்லை. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து வந்த ஏழைத் தமிழர், வீதி வேலைக்கென அமைக்கப்பட்ட படைப்பிரிவுகளிலும் தோட்டக் கூலிகளாகவும் உழைத்து, காய்ச்சலிலும் பசியிலும் மாண்டு, இந்த வளைவுகளுக்கு அடியில் உறங்குகிறார்கள். வீதியில் போகிறவன் கண்டு மகிழ்கின்ற பசுமைச் சரிவும் தானாக விளைந்த காடன்று. கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளி, ஒவ்வொரு செடியையும் இடுப்பளவில் நிறுத்தியிருக்கும் கைகளின் ஆக்கம் அது. 1890 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன், தம்பேதன்னைக்கு மேலே நின்று நோக்கிய இடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சுற்றுலா வருவோர் அங்கே ஏறி நின்று வியக்கிறார்கள். அந்தப் பரந்த காட்சியின் கீழ், அன்றும் இன்றும் குனிந்து நிற்பவர்கள் நம்மவர்களே.

இன்பம் எல்லை கடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இம்மண்ணிலேயே ஒரு சரித்திரம் உண்டு. பதுளையில் அரசாங்க நிர்வாகியாக இருந்த மேஜர் றொஜர்ஸ், திறமையான அதிகாரி என்றும், ஊவாவில் வீதிகள் உண்டாக்குவதில் ஊக்கமுடையவர் என்றும் புகழப்பட்டவர். அதே வேளையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுபவர். 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளைக் கணவாயருகே இடி வீழ்ந்து இறந்தார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அவர் முடிவைத் தெய்வ தண்டனை என்று சொல்லுவோர் உண்டு. அவ்வாறு தீர்ப்புக் கூற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மலைக்காட்டின் பேரழகுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர், அக்காட்டின் பேருயிர்களைத் தம் பொழுதுபோக்குக்குரிய இலக்காக மட்டும் கண்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அவர் கண்ணில் யானை பட்டது. அதன் உயிர் படவில்லை.

இங்கேதான் தமிழர் மரபில் நிலைத்துள்ள இரண்டு தேர்களை நான் நினைப்பேன். ஒன்று பாரியின் தேர். பற்றுக்கோடின்றிக் காற்றில் அலைந்த முல்லைக் கொடியைத் தேரில் செல்லும்போதே கண்டான், இறங்கினான், தேரை அதற்கே விட்டு நடந்தான். மற்றது திருவாரூர் வீதியில் ஓடிய, மனுநீதிச் சோழனின் மகன் வீதிவிடங்கனின் தேர். சேக்கிழார் பாடிய அந்த வரலாற்றில், இளவரசன் கொடியவன் அல்லன். பரிவாரம் சூழ, இளமைக்குரிய உவகையோடு உலாச் சென்றான். பசுங்கன்று ஒன்று எவரும் காணாதபடி பாய்ந்து சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. கருதிச் செய்த கொலை அன்று. பிராயச்சித்தம் போதும் என்று அமைச்சர் எடுத்துரைத்தனர். அது தாய்ப்பசுவின் துயரை ஆற்றுமா என்ற கேள்வியிலேயே மனுநீதிச் சோழன் நின்றான். மகன்மீது தேரைச் செலுத்தப் பணிக்கப்பட்ட மந்திரி தன் உயிரையே போக்கிக்கொள்ள, அரசன் தானே அதைச் செய்தான். இறைவன் வெளிப்பட்டு மூவருயிரையும் மீட்டான். பாரி கொடியைக் கண்டான். வீதிவிடங்கன் கன்றைக் காணவில்லை. இருவர் தேரும் விரைந்து செல்வதற்கே ஆனது. இருவரும் இன்பமாகவே சென்றிருப்பர். வேறுபாடு முழுவதும் அந்தக் காணுதலில் இருக்கிறது.

புராணக் கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாதபடி, நம் காலத்தில் நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தவை நிற்கின்றன. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் மோட்டார் ஓட்டப் போட்டியில், தடம் விலகிய வண்டியொன்று பார்த்துக்கொண்டிருந்த மக்களிடையே பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். புத்தாண்டு விடுமுறையின் மகிழ்ச்சியில் குடும்பத்தோடு வந்தவர்கள் அவர்கள். 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு, எல்லயைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெல்லவாயப் பக்கமாக இறங்கிய பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். 2021 ஆம் ஆண்டு மார்ச்சில் பசறை 13 ஆம் கட்டையில் நேர்ந்த பஸ் விபத்தை ஊவா மக்கள் எவரும் மறக்கவில்லை. எவரும் எவரையும் கொல்லக் கருதிப் புறப்பட்டதில்லை. ஆயினும் கருதவில்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லி நாம் எழுந்துபோய்விட முடியுமா? மனுநீதிச் சோழன் முடியாது என்றான். நானும் அவ்வாறே எண்ணுகிறேன். சாரத்தியம் ஏற்றவனுக்குக் கருத்துத் தூய்மை மட்டும் போதாது. கவனமும் அவன் தர்மம். காண வேண்டியதைக் காணத் தவறுவது, ஆணவ மலத்தின் தொழில்களுள் தலையாயது. ஆணவத்தைச் சித்தாந்திகள் இருள் என்று சொன்னது காரணத்தோடுதான்.

மலைவீதியில் வண்டி செலுத்துவது இந்தக் கவனத்தைப் பயிற்றுவிக்கக்கூடிய ஒரு சாதனம் என்பதே இதிலுள்ள அதிசயம். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு 30 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில், 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றருக்கு வீதி இறங்குகிறது. பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டு இறங்கினால், அது சூடேறிப் பிடியை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் விட்டு, இஞ்சினே வண்டியைத் தாங்கும்படி செய்து, பிரேக்கை வளைவுக்கு முன் சிறிதாகத் தொட்டு விட வேண்டும். மறைவான முடக்கில் ஹோர்ன் அடித்து, எதிரே பஸ் வருவதாகவே எண்ணி ஒதுங்க வேண்டும். மழைக்குப் பின் மண்ணும் கல்லும் வீதியில் இறங்கியிருக்கும். மாலையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இவ்வாறு செலுத்துகிறவன் மனம் நேற்றுக்கும் நாளைக்கும் ஓடாது. அந்த ஒருமையிலே பிறக்கும் ஆனந்தம் உண்மையானது. நண்பர் பிள்ளையைப் போலச் சந்தோஷப்பட்டதன் இரகசியம் அதுவே. அந்த ஒருமை தன் வண்டியோடும் தன் திறமையோடும் நின்றுவிட்டால் அது வெறும் ஆட்டம். வீதியோரத்தில் கொழுந்துச் சுமையோடு வரிசையாக நடந்து வருகிற பெண்கள் வரை அது விரிந்தால், தியானத்துக்கு அடுத்த படி.

செல்வத்தின் கேள்வியையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதினவன் ஆகமாட்டேன். 2024 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முப்பது இலட்சம் ரூபா கொடுத்து ஒருவர் பழைய வண்டி வாங்கினால், அது, அந்தச் சம்பளக் கணக்கில், அத்தொழிலாளியின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்களின் அடிப்படைச் சம்பளம். இதனால் வண்டி வாங்கியவர் பாவி ஆகிறார் என்று நான் கூறேன். அவர் தம் உழைப்பில் சேர்த்ததைச் செலவிட்டார். ஆனால் 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் திகதி காலையில், கொஸ்லந்தையருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலை சரிந்து மூடியதே, அந்த மண்ணின் பக்கமாகத்தான் நாட்டின் மிக அழகிய வீதிகளுள் ஒன்று செல்கிறது. அவ்வீதியில் காட்சியை மட்டும் கண்டு போவது அரைக்கண்ணால் காண்பதே. இன்னும் எத்தனையோ லயன்கள் அதே சரிவுகளின் கீழ் நிற்கின்றன. அழகைக் கண்டு உருகும் நெஞ்சு அதனையும் கண்டு உருகட்டும். உருகியபின் தன்னால் ஆனதைச் செய்யட்டும்.

ஆதலால் நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்: தாராளமாக ஓட்டுங்கள், அந்தச் சந்தோஷத்தை இறைவன் திருமுன் வைத்து மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியில் ஏறும்போது ஓதிய திருமுறையை இறக்கி வைத்துவிடாதீர்கள். அவர் இப்போதும் அடிக்கடி லுணுகலை வரை போகிறார். தாம் முன்பு நடந்த அதே வீதியில் நடந்து செல்லும் மாணவர் எவரேனும் கைகாட்டினால், பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு பாடசாலை வாசலில் இறக்கிவிடுகிறார்.

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் நல்ல வண்டி எடுத்துக்கொண்டு எங்கள் மலைகளைக் காண வருகின்ற அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் நடைபாதையில்லாத வீதியோரத்திலேயே கூட்டமாக நடந்து வருவார்கள். கொழுந்து நிறுக்கும் வேளையில் தாய்மார் சுமையோடு குறுக்கே கடப்பார்கள். அந்த நேரங்களில், லயன்கள் தெரியத் தொடங்கிய இடத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து வாருங்கள்.